உமேஷ் பாட்டு

அபிதகுஜாம்பாள் என்று பெயர் வைத்துவிட்டு, இந்தப் பெண் பாட்டு கிளாஸ் போவாள், மார்கழியில் திருப்பாவை சொல்வாள், நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவாள் என்று பெற்றவர்கள் நினைத்தால் அது அவர்கள் தப்பு. பாட்டு கிளாஸுக்குப் போகத்தான் போனாள். வருஷக்கணக்கில் சரளி வரிசையைத் தேய்த்தாள். கல்லூரி முடிகிற சமயத்தில் ஒரு பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய காலனியில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதை மீட்ட ஆரம்பித்ததும், கீழ்வீட்டு சத்யநாராயணன் மாமா மோட்டார் கெட்டுப்போய்விட்டது என்று எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டார்.

பங்க் இசை என்றால் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதிலேயே இன்னொரு வகை உண்டு. அரசாங்கம் வேண்டாம், முதலாளி வேண்டாம், தலைவனும் வேண்டாம் என்று சொல்கிற அதே கூட்டம்தான். ஆனால் கத்தி ஓய்ந்து, வீட்டுக்குத் திரும்பி, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கும்போது வருகிற பாட்டு அது. கிட்டார் ஒரே இடத்தில் நின்று இரையும். குரல் தூரத்திலிருந்து வரும். டிரம் அடிக்கிறவன் கோபத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு அடிப்பான். அபிதாவுக்குப் பிடித்தது அந்த அடக்கம்தான், ஏனென்றால் அவளிடம் அது கொஞ்சம்கூடக் கிடையாது.

அவளோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் உமேஷ். அதே காலனி, அடுத்த தெரு, அப்பாவுக்கு மத்திய அரசு உத்தியோகம். கிட்டாரைத் தொட்டால் போதும், அழும். இன்னொருவன் முகிலன். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். அப்பா போனபிறகு அம்மா காந்தாவோடு பீர்க்கன்கரணை ஏரியோரம் ஒரு கீழ்த்தளத்து வீட்டில் வாடகைக்குக் குடிவந்தவன். காந்தா இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக மீன் விற்றாள். முகிலன் பகலில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்தான், மற்ற நேரத்தில் டிரம் அடித்தான். அபிதாவுக்குக் கேம்ப் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. மூன்று பேரும் சேர்ந்தால் அதற்குப் பெயர் 'ஓதம்'. சுவரில் அடியிலிருந்து ஏறுகிற ஈரம். தாம்பரம் பக்கம் ஏரியைத் தூர்த்து வீடு கட்டியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஓதத்தில் தலைவர் கிடையாது. யார் மெட்டுப் போட்டார், யார் சொல் எழுதினார் என்று பெயர் போடுவது கிடையாது. பாட்டை விற்பது கிடையாது. பழைய காலம் மாதிரி கேசட்டில் பதிந்து, ஜெராக்ஸ் எடுத்த அட்டையைச் சுற்றி, கேட்கிறவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். அட்டையின் பின்னால் அபிதாவே தன் கையால் எழுதினாள்: 'இது யாருடைய சொத்தும் இல்லை. எடுத்துக்கொள், பிரதி எடு, உன் இஷ்டப்படி பாடு.' வேண்டாம் அபி, பின்னாடி வம்பாகும் என்று உமேஷ் சொன்னான். அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்து அந்த வரியை ஜெயித்தாள்.

அப்புறம் ஒரு கார்த்திகை மழை வந்தது. வைரமாலை ஹோம்ஸ் என்கிற கட்டுமானக் கம்பெனி, ஏரியின் உபரித் தண்ணீர் போகிற கால்வாய்மேல் மதில் எழுப்பியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் வந்த வழியே திரும்பி விடியற்காலையில் முகிலன் வீட்டுக்குள் புகுந்தது. அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாடியில் விட்டான். பிறகு டிரம்மை எடுத்து வருகிறேன் என்று மறுபடி இறங்கினான். மின்சார மீட்டர் பெட்டி தண்ணீருக்குள் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது.

கம்பெனிமேல் ஒன்றும் நிற்கவில்லை. மழை என்றார்கள், இயற்கை என்றார்கள். மழைதான் போய் மதில் கட்டியது போலிருக்கிறது. அபிதாவும் உமேஷும் மொட்டை மாடியில் உட்கார்ந்து முகிலனுக்காக ஒரு பாட்டுப் போட்டார்கள். மெட்டு உமேஷின் கிட்டாரில் வந்தது, சொல் அபிதாவின் வாயில் வந்தது. டிரம் வரவேண்டிய இடத்தையெல்லாம் வெறுமனே விட்டார்கள். அந்த இடம் வரும்போது கிட்டார் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். கேட்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்தப் பாட்டை அபிதா காந்தாவுக்கு மட்டும் கேட்கக் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது? "அந்த மோளத்த எடுக்கத்தான் போனான்" என்று காந்தா தலையில் அடித்துக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தாள். அதற்குப் பிறகு தெருவில் எங்கே மேளச் சத்தம் கேட்டாலும் காந்தா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வெள்ளம் வடிந்ததும் இரும்புலியூரிலேயே ஒரு மாடி அறைக்குக் குடிமாறினாள். அபிதா லீவு நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். காந்தா அவளுக்கென்று மீன் படாத ஒரு டம்ளரைத் தனியாக வைத்திருந்து அதில் டீ கொடுப்பாள். இருவரும் முகிலனைப் பற்றிப் பேசுவார்கள், பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு சித்திரை மாத மத்தியானம், இரும்புலியூர் சிக்னலில் அபிதா ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பலூன் கட்டிய விளம்பர வேன் ஒன்று வந்து நின்றது. அதன் ஸ்பீக்கரிலிருந்து அந்த மெட்டு வந்தது. வெயிலில் தன் மண்டைக்குள்தான் ஓடுகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு தேன் தடவிய ஒரு பெண் குரல், ஏரிக்கரை ஓரம் எங்கள் வீடு, இளங்காற்று வந்து பேசும் என்று பாட ஆரம்பித்தது. டிரம் இல்லாமல் விட்ட இடங்களில் பறவைச் சத்தம் போட்டிருந்தார்கள். வேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்து: 'லேக் சிம்பொனி. வைரமாலை ஹோம்ஸின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு. பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்தபடி வாழுங்கள்.' அதற்குக் கீழே, 'இசை: உமேஷ்.'

சிக்னல் விழுந்து பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஓர் ஆட்டோக்காரர், "இன்னாமா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அபிதாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முகிலனை முழுங்கிய மதிலுக்கு உள்ளே வீடு வாங்க வாருங்கள் என்று முகிலனின் பாட்டே ஊரைக் கூவிக் கூப்பிடுகிறது. 

நேராக உமேஷ் வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒரு அறையை அவன் ஸ்டுடியோவாக மாற்றியிருந்தான். ரிசப்ஷன் கச்சேரி, விளம்பரப் பாட்டு, குழந்தைப் பாட்டு என்று தொழில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"கேட்டியா? எப்படி வந்திருக்கு?"

"அது முகிலன் பாட்டுடா."

"மெட்டு என்னோடது. முகிலனைப் பத்தி இருக்கறது உன் வார்த்தை. அதுல ஒண்ணைக்கூட நான் தொடலையே."

"யாருக்குக் கொடுத்திருக்கேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் அபி. மூணு வருஷம் ஆச்சு. எனக்குக் கல்யாணம் ஆயிடுத்து, ஸ்ம்ருதிக்கு டெலிவரி டேட் நெருங்கறது. இன்னும் எத்தனை நாள் மொட்டை மாடில உட்கார்ந்து அழணும்கறே?" அவன் அலமாரியைத் திறந்து பழைய கேசட்டை எடுத்தான். அட்டையைத் திருப்பி அவள் முகத்துக்கு எதிரே நீட்டினான். "உன் கையெழுத்துதானே? எடுத்துக்கோன்னு எழுதியிருக்கே. எடுத்துண்டேன்."

"பேர் போட மாட்டோம்னும் பேசியிருக்கோம்."

"கம்பெனில கேட்டாளே. யார் போட்டதுன்னா என்ன சொல்றது, யாருமே போடலைன்னா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. மெட்டைக்கூட மன்னித்திருப்பாள். இல்லை, அதையும் மன்னித்திருக்க மாட்டாள். ஆனால் அவன் சிரிக்காமல் இருந்திருந்தால், ராத்திரிக்கு ராத்திரி அவனைக் கறுவிக்கொண்டே தூங்கப் போயிருக்க மாட்டாள்.

வக்கீலாக இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் ஷ்யாம்சுந்தரிடம் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "முதல்ல இதை எழுதினவளைப் பிடிச்சு உள்ள போடணும்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, வைரமாலை மதிலில் கறுப்புப் பெயிண்டில் முகிலன் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதினாள். மறுநாளே வெள்ளையடித்துவிட்டார்கள். அடித்ததோடு விட்டார்களா, அதன்மேல் வாத்து ஒன்று நீந்துகிற மாதிரி படமும் வரைந்து வைத்தார்கள். அபிதா அந்த வாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு கிளாஸில் கற்றதெல்லாம் மறந்துவிட்டது, சாபம் மட்டும் சுருதி சுத்தமாக வந்தது. ஆனால் சாபத்தால் ஒரு ஃபிளாட்கூட விற்காமல் நிற்கவில்லை.

வழி கடைக்கே நடந்து வந்தது. ஆடி மாசம், வியாபாரம் மந்தம். பாலகுரு என்று ஒருவர் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை என்று வந்தார். இரும்புலியூரில் பேண்டு செட் வைத்திருக்கிறவர். கல்யாணம், கோயில், சாவு மூன்றுக்கும் வாசிப்பார். சாவுக்குத்தான் கிராக்கி அதிகம். அபிதா அவரை மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்து, முகவாயை அதன்மேல் வைக்கச் சொல்லி, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து கேம்ப் ரோட்டில் வைரமாலை வேன் போனது. பாலகுரு முகவாயை எடுக்காமலே அந்த மெட்டை மூக்கால் முனக ஆரம்பித்தார்.

"ஆடாதீங்கண்ணா."

"சாரி மேடம். இந்தப் பாட்டு சோக்கா கீது. தப்பான எடத்துல மாட்டிக்கினு கீது, அதான் பேஜார்."

"எங்க இருக்கணும் அது?"

"சாவுல. பாடையத் தூக்கும்போது டிரம்பெட்ல இத்த எடுத்து வுட்டா, செத்தவன பிடிக்காதவன்கூட அழுதுருவான். இத்த வெச்சிக்கினு வூடு விக்கிறானுங்க பாரு, கூறு கெட்டவனுங்க."

அபிதா மெஷினை அணைத்தாள். கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து போனை எடுத்தாள். "முழுசா கேக்கறீங்களா?" என்றாள்.

பாலகுரு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். வெறுமனே விட்ட இடம் வந்ததும் நிமிர்ந்தார். "மோளம் எங்க?"

"மோளம் அடிக்க வேண்டியவன் இல்லண்ணா. தண்ணில போயிட்டான்."

அவர் காதைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்கும்போது விரலால் தொடையில் தட்டி அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தார். அபிதாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வீடு வாங்குகிறவன் கடன் வட்டியைப் பார்ப்பான், வாஸ்து பார்ப்பான், வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பான். எல்லாம் சரியாக இருந்தாலும், சாவு மோளம் காதில் விழுந்த வீட்டில் பால் காய்ச்ச மாட்டான். இந்த ஊரில் எவனும் மாட்டான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும், அவளும் இந்த ஊர்க்காரிதானே.

"வாசிங்கண்ணா," என்றாள். "இது யாருக்கும் சொந்தமில்ல. எவ்ளோ சாவு வந்தாலும் வாசிங்க. உங்க ஆளுங்களுக்கும் சொல்லிக் கொடுங்க."

ரிட்டயர் ஆன பஸ் டிரைவர் ஒருவர் இரும்புலியூரில் தவறினார். வயதானவர், கல்யாணச் சாவு. ஊரே ஆடத் தயாராக வந்திருந்தது. அபிதா கடைக்கு லீவு போட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் போய் நின்றாள். பாடை கிளம்பியதும் பாலகுரு டிரம்பெட்டை உயர்த்தி அந்த மெட்டை எடுத்தார். ஆடுவதற்குத் துண்டை இடுப்பில் கட்டியவர்கள் முதல் வரியிலேயே குழம்பி நின்றுவிட்டார்கள். இரண்டாம் வரியில் துண்டை அவிழ்த்தார்கள். வெறுமனே விட்ட இடம் வந்தபோது பத்து மோளமும் ஒரே அடியாக விழுந்தன. முகிலன் அடிக்காமல் போன அடி அது. அபிதா கையிலிருந்த டீயைச் சிந்திக்கொண்டாள். செத்தவரின் மகள்கள் அதுவரை அழாத அழுகையை அழுதார்கள்.

முடிந்ததும் பாலகுரு வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "பசங்க கேக்குறானுங்க மேடம், இந்தப் பாட்டுக்குப் பேர் இன்னா?"

முகிலன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நொடியில் ஸ்டுடியோவும், நீட்டிய அட்டையும், அந்தச் சிரிப்பும் கண்முன்னால் வந்து நின்றன. பெயர் வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவன்தானே. அனுபவிக்கட்டும்.

"உமேஷ்," என்றாள். "உமேஷ் பாட்டுன்னு சொல்லுங்க."

சாவு மேளக்காரர்களுக்குள் பாட்டு தீ மாதிரி பரவும். ஒரு செட்டில் ஆள் குறைந்தால் இன்னொரு செட்டிலிருந்து வருவான், வந்தவன் கற்றுக்கொண்டு போவான். பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர், இந்தப் பக்கம் சேலையூர், மாடம்பாக்கம் என்று எங்கே சாவு விழுந்தாலும் அந்த மெட்டு கேட்டது. சாவு வீட்டில் பந்தல் போடும்போதே, "உமேஷ் வாசிக்கணும்பா" என்று சொல்லிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஐப்பசிக்குள் விளம்பர வேன் தெருவில் நுழைந்தால் பெண்கள் வாசலுக்கு வந்து, யார் போய்விட்டது என்று பார்த்தார்கள். பலூன் கட்டிய வேனைப் பார்த்துவிட்டு, காறித் துப்பாத குறையாகத் திரும்பிப் போனார்கள்.

நல்ல முகூர்த்த நாள் ஒன்றில் வைரமாலை கம்பெனி ஏரிக்கரையில் பந்தல் போட்டு, மாதிரி வீட்டைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தது. அபிதா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, வீடு வாங்க வந்தவள் மாதிரி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கம்பெனி ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஏரிக்கரை ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் வந்தது. அவள் ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை. உண்மையான சாவு, யாரோ ஒரு பூக்காரம்மா. டிரம்பெட் அதே மெட்டைத்தான் வாசித்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் தேன் குரல், ரோட்டில் டிரம்பெட், இரண்டும் ஒரே சுருதியில் சேர்ந்துகொண்டன.

முதலில் ஓர் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் புருஷன் கையிலிருந்த விளம்பரத் தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் பின்னால் போனான். ஒரு மாமா, "ஸ்பீக்கரை நிறுத்துங்கோ சார், காது கேக்கலையா உங்களுக்கு?" என்று மேனேஜர்மேல் எரிந்து விழுந்தார். மேனேஜர் ஸ்பீக்கரை நிறுத்தினார். ஆனால் ரோட்டில் வருவதை யார் நிறுத்துவது? ஊர்வலம் போய் முடிவதற்குள் பந்தலில் காலி நாற்காலிகள்தான் இருந்தன. அபிதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு காபி கேட்டு வாங்கி, ஆற அமர ரசித்துக் குடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குடித்த காபியிலேயே அதுதான் நல்ல காபி.

வைரமாலை பாட்டை எடுத்தது, குடியிருப்பின் பெயரை மாற்றியது, விலையைக் குறைத்தது. எதற்கும் ஆள் வரவில்லை. பெயரை மாற்றினாலும் அது 'உமேஷ் பாட்டு வீடு' என்றே ஊருக்குள் ஆகிவிட்டது. தை மாசம் ஒரு நாள் உமேஷ் கண்ணாடிக் கடைக்கு வந்தான். உட்கார வேறு இடமில்லாததால் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஒரு ரிசப்ஷன் கூட வரலை அபி. கல்யாண வீட்டுக்காரா என் பேரைக் கேட்டாலே போனை வச்சுடறா. கொழந்தைக்குத் தாலாட்டுப் பாடப் போனா ஸ்ம்ருதி கையைப் பிடிச்சுத் தடுக்கறா."

"அப்படியா?"

"பாட்டை நிறுத்தச் சொல்லலை. பேரை மட்டும் எடுக்கச் சொல்லு. ப்ளீஸ்."

"யார்கிட்ட சொல்லணும்? அங்க தலைவர் யாராவது இருந்தா சொல்லு, நான் இப்பவே போன் பண்றேன்."

அவன் அழுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருக்கிறதா என்று தன்னைத்தானே தடவிப் பார்த்தாள், இல்லை. முகிலன் தண்ணீரில் இறங்கிய நேரத்தில் இவன் ஏ.சி. ஸ்டுடியோ கனவில் இருந்திருப்பான். கண்ணைத் துடைக்க ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். "அடுத்த பேஷண்ட் வெய்ட் பண்றாங்க" என்றாள். அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

அடுத்த லீவு நாளில் இரும்புலியூருக்குப் போனாள். காந்தா வியாபாரம் முடித்துக் குளித்துவிட்டு, மாடி அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தனி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் குடித்துக்கொண்டிருக்கும்போது கீழே தெருவில் மோளம் கேட்டது. காந்தா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள் என்று அபிதா எதிர்பார்த்தாள். அவள் எழுந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உமேஷ் பாட்டு போவுது பாரு," என்றாள்.

காந்தாவின் வாயிலிருந்தே அந்தப் பெயர் சாவோடு சேர்ந்து வந்ததும் அபிதாவுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. "உங்களுக்குத்தான் மோளமே ஆகாதே காந்தாம்மா."

"ஆவாதுதான். இது ஒண்ணு மட்டும் கேக்கலாம்னு தோணுது. பாவம், சின்னப் புள்ளையாமே?"

"யாரு?"

"இன்னா கண்ணு, தெரியாத மாதிரி கேக்குற. உமேஷுதான். உங்ககூட வாசிச்ச உமேஷு இல்ல, இது வேற, மோளம் அடிக்கிற புள்ளையாம். தண்ணில போயிட்டானாம். அவன் கூட்டாளிங்க அழுதுகினே கட்டுன பாட்டாம் இது. பேண்டுக்காரரே சொன்னாரு. மீன் வாங்க வர்றவங்க அல்லாரும் அந்தப் புள்ளையப் பத்தித்தான் பேசிக்கிறாங்க."

அபிதா டம்ளரைக் கீழே வைத்தாள். கீழே ஊர்வலம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வெறுமனே விட்ட இடம் வந்தது, மோளங்கள் விழுந்தன. காந்தா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அவன பெத்தவ குடுத்து வெச்சவ," என்றாள். "ஊரே அவ புள்ளைக்காக வாசிக்குது. எம்புள்ளைய ஆஸ்பத்திரிலேர்ந்து வேன்ல போட்டு நேரா கொண்டும்போயி எரிச்சானுங்க. தெருவுல தண்ணி, நாலு பேர் கூட நடக்க முடியல. ஒரு பூ இல்ல. ஒரு மோளம் இல்ல. மோளத்துக்காவ செத்தவனுக்கு ஒரு பாட்டு இல்லாமப் போச்சு."

"காந்தாம்மா."  அபிதா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது முகிலன் பாட்டு. சத்தியமா முகிலன் பாட்டு. நாங்கதான் போட்டோம், அவனுக்காக. உமேஷ் ஒண்ணும் சாகலை. சேலையூர்ல இருக்கான்."

காந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.  பார்வையில் கோபம் இல்லை. சமாதானம் சொல்ல வந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"எம் மனசுக்காவ சொல்ற."

"இல்ல காந்தாம்மா, நிஜமா."

"எம்புள்ள பாட்டுன்னா ஊர்ல ஏங் கண்ணு உமேஷுங்கறாங்க? யாரு வெச்சது அந்தப் பேர?"

அபிதா வாயைத் திறந்தாள். தெருவில் எவனுக்கோ பாடை போய்க்கொண்டிருந்தது, டிரம்பெட் இரண்டாம் வரிக்குப் போயிருந்தது. அவளுக்கு பதில் தெரியும். உதடு வரை வந்தும் அது வெளியே வரவில்லை.

 காந்தா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். "சரி வுடு. எவ புள்ளையா இருந்தா இன்னா, புள்ள புள்ளதான்," என்று சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பினாள்.

"நல்லபடியா போயிச் சேருடா உமேஷு," என்றாள்.